இரண்டு மேசை, ஒரே ஆட்டம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "கால் மணி நேரம் பேசணும். வேலையைப் பத்தி வேண்டாம், எல்லாரும் அதையேதான் பேசுறாங்க. வேற ஏதாவது சொல்லுங்க" என்றார். "சார், நான் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலே பொம்மைக் கப்பல் வெச்சு சண்டை விளையாடுறேன். அதைப் பத்திப் பேசலாமா?" என்று கேட்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம், "பேசுங்க, நடுவுல டீ வந்துடும்" என்றார். அந்த தைரியத்தில்தான் இங்கே நிற்கிறேன்.

நான் மூலக்கொத்தளத்துப் பிள்ளை. வெளியூர்க்காரர்களிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால், "சுடுகாடு இருக்கிற இடம்தானே?" என்பார்கள். ஆமாம், தாளமுத்துவும் நடராசனும் உறங்குகிற மண் அது. ஆனால் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். கோட்டை மதிலில் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் காவல் மேடைக்குத்தான் கொத்தளம் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் கருப்பர் நகரத்தைச் சுற்றி வெள்ளைக்காரர்கள் மதில் எழுப்பினார்கள். அந்த மதில் வரியின் ஞாபகம்தான் வால்டாக்ஸ் சாலை. மதிலில் மிஞ்சிய ஒரு துண்டு இன்றும் ராயபுரம் பக்கம் மாடிப் பூங்காவாக இருக்கிறது. ஆக, போர் எங்கள் முகவரியிலேயே இருக்கிறது. நான் கப்பல் சண்டை விளையாடுவதில் ஆச்சரியம் இல்லை என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "முப்பத்தஞ்சு வயசாச்சு, கப்பல் விட்டு விளையாடுறான்" என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்வதை அவர்கள் இன்னும் நிறுத்தவில்லை.

பொம்மைப் போர்

இந்த விளையாட்டு புதியது இல்லை. சதுரங்கம் என்ற சொல்லே தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையைக் குறிப்பது. 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி, 1:8000 அளவுள்ள நிலப்படத்தில் சின்னச் சின்னக் கட்டைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டு ஒன்றை வெளியிட்டார். அதில் இரண்டு தரப்பும் தங்கள் உத்தரவுகளை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். கட்டைகளை நகர்த்துவது நடுவர். எதிரி எங்கே இருக்கிறான் என்பது, கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்தால்தான் தெரியும். 1898இல் பிரெட் ஜேன் என்ற ஆங்கிலேயர் கடற்போருக்கு இதேபோல ஒன்று செய்தார். விஞ்ஞானக் கதை எழுதிய எச்.ஜி.வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் விதிகளை 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாகப் போட்டார். அடுத்த வருஷமே நிஜப் போர் வந்துவிட்டது.

மேசை மேல் நிலம், அதன் மேல் குட்டிப் படைகள், தூரத்தை அளக்க ஒரு டேப், அதிர்ஷ்டத்துக்குப் பகடை. ஆட்டம் இவ்வளவுதான். எதிரி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. அவன் ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால்? நான் இன்றைக்குப் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

அப்பாவின் அஞ்சலட்டை

தூரத்து எதிரியோடு ஆடும் ஆட்டத்தை நான் முதலில் பார்த்தது என் வீட்டில்தான். அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். அவரோடு வேலை பார்த்த ஒருவர் கூடூருக்கு மாற்றலாகிப் போனார். இங்கே இருந்தவரை இரண்டு பேரும் சாயங்காலம் செஸ் ஆடுவார்கள். போன பிறகு அஞ்சலட்டையில் ஆடினார்கள். எங்கள் வீட்டு அலமாரி மேல் ஒரு பலகை எப்போதும் விரித்தபடியே இருக்கும். அதை யாரும் தொடக்கூடாது. தூசி தட்டினால்கூட அப்பாவைக் கேட்டுத்தான் தட்ட வேண்டும். அதே ஆட்டம் கூடூரிலும் ஒரு பலகையில் இருந்தது.

நகர்வை எண்ணில் எழுதுவார்கள். சர்வதேச அஞ்சல் செஸ்ஸில் உள்ள முறை அது. நெடுக்கு வரிசைக்கு 1 முதல் 8, கிடக்கை வரிசைக்கு 1 முதல் 8. 5254 என்றால் ஐந்தாவது வரிசைச் சிப்பாய் இரண்டாம் கட்டத்திலிருந்து நான்காம் கட்டத்துக்குப் போகிறது. தமிழரும் தெலுங்கரும் ரஷ்யரும் இதை ஒரே மாதிரி படிக்கலாம்.

தூரத்து ஆட்டத்துக்குப் பெரிய சரித்திரமே உண்டு. 1824 முதல் 1828 வரை லண்டன் சங்கமும் எடின்பரோ சங்கமும் கடிதத்தில் ஆடின. லண்டன்காரர்கள் ஒரு நகர்வைத் தபாலில் போட்டுவிட்டு, அப்புறம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். எடின்பரோ ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஜெயித்ததும் எடின்பரோதான். 1965இல் ஹவானாவில் நடந்த போட்டிக்குப் போக பாபி பிஷருக்கு அமெரிக்க அரசு அனுமதி தரவில்லை. அவர் நியூயார்க்கில் ஒரு கிளப்பில் உட்கார்ந்து, டெலிடைப்பில் நகர்வுகளை அனுப்பியே முழுப் போட்டியையும் ஆடி, இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 1970 ஜூனில் சோயுஸ் 9 விண்கலத்தில் இருந்தவர்கள் பூமியில் இருந்தவர்களோடு செஸ் ஆடினார்கள். ஆட்டம் டிரா. நம் காலத்தில், 2020 ஆகஸ்டில் நடந்த இணையவழி ஒலிம்பியாட் இறுதிச் சுற்றில் இணையம் அறுந்துபோய் இந்திய அணியின் இரண்டு பேர் நேரம் முடிந்து தோற்றதாக ஆனது. நம் அணி முறையிட்டது. கடைசியில் இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டு வெற்றியாளர்கள் என்று அறிவித்தார்கள்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது கூடூரிலிருந்து ஒரு அட்டை வந்தது. நகர்வில் கடைசி இலக்கம் 1 போலவும் இருந்தது, 7 போலவும் இருந்தது. 4441 என்றால் அவருடைய யானை பத்திரமாகப் பின்வாங்குகிறது. 4447 என்றால் அந்த யானை சும்மா வெட்டுப்படும். அப்பா அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏழுன்னே வெச்சிக்கோப்பா, ஜெயிச்சிடலாம்" என்றேன் நான். அப்பா இன்னொரு அட்டை எடுத்து, "1ஆ, 7ஆ? தெளிவாக எழுதவும்" என்று எழுதினார். பதில் வர எட்டு நாள் ஆனது. பதில், 1.

எனக்குக் கோபம். "சும்மா ஜெயிச்சிருக்கலாம் இல்ல?" என்று கேட்டேன். அப்பா சொன்னார்: "டேய், பக்கத்து ஸ்டேஷன்ல வண்டி இருக்கா இல்லையான்னு தெரியாம நான் லைன் கிளியர் குடுப்பனா?"

அது அப்போது புரியவில்லை. பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. நடுவில் பல கிலோமீட்டர் தண்டவாளம். போனில் பேசி, சொன்னதைத் திரும்பச் சொல்லி, பிரைவேட் நம்பர் என்று ஒரு எண்ணைக் கொடுத்து உறுதி செய்வார்கள். ஆளுக்கு ஒரு அச்சிட்ட தாள் இருக்கும். அதிலுள்ள எண்ணை ஒருமுறை கொடுத்தால் அடித்துவிட வேண்டும். கேட் மூடியாச்சு என்று கேட்மேன் சொல்வதற்கும் இப்படி ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பரை நம்பி ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிற வண்டி போகும். பேசின் பிரிட்ஜைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு வண்டிச் சத்தத்திலும் எனக்கு இப்போது அதுதான் ஞாபகம் வரும்.

எம்டன்

என் எதிரி நம் கல்லூரிக்காரன்தான். என் வகுப்பு. ராயபுரம். பெயர் சொல்லக் கூடாது என்று கட்டளை. இப்போது ஜெர்மனியில் வேலை. இன்றைக்கு இந்த அரங்கத்திலேயே இருக்கிறான், திரும்பிப் பார்க்காதீர்கள். நாங்கள் போனில் பேசுவோம். "சாப்டியா?", "சாப்டேன்", "அங்க குளிரா?", "குளிர்தான்". மூன்று நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும். மெஸ்ஸில் விடியவிடியப் பேசியவர்கள் நாங்கள். பேச்சு எங்கே போனது? ஒருநாள் அவனே சொன்னான்: "மச்சி, சும்மா பேச முடியலடா. கைக்கு எதாவது வேலை இருந்தாத்தான் வாய் பேசும்." அப்படித்தான் ஆட்டம் ஆரம்பித்தது.

என்ன போர் ஆடுவது? நம் ஊருக்கு வந்த போரே இருக்கும்போது வேறு எதற்கு? 1914 செப்டம்பர் 22, ராத்திரி சுமார் ஒன்பதரை மணி. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் சென்னைக் கடலுக்கு வந்தது. ஊரில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது, ஹைகோர்ட் கலங்கரை விளக்கம் உள்பட. சுமார் 3,000 கஜ தூரத்தில் நின்று, அரை மணி நேரத்தில் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டது. துறைமுகத்துக்கு அருகே பர்மா ஆயில் கம்பெனியின் டாங்கிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலில் குண்டு விழுந்து ஆட்கள் இறந்தார்கள். கரையிலிருந்து நம்மவர்கள் சுட்ட குண்டு ஒன்றும் எம்டனைத் தொடவில்லை. அடுத்த நாட்களில் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. "அவன் பெரிய எம்டன்டா" என்று நாம் இன்றும் சொல்வது அந்த அரை மணி நேரத்தின் மிச்சம். அந்தக் கப்பலும் நவம்பர் 9ஆம் தேதியே கோகோஸ் தீவுகளில் சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பலிடம் சிக்கி அழிந்தது.

ஜெர்மனியில் இருப்பவன் எம்டன். சென்னையில் இருப்பவன் சென்னை. வேலை சுலபமாகப் பிரிந்துவிட்டது.

தம்பிகளுக்காகக் கொஞ்சம் கணக்கு சொல்கிறேன். அளவு 1:3000. எம்டனின் நீளம் 118 மீட்டர், அதனால் பொம்மை 4 சென்டிமீட்டர். ஐஸ் குச்சியை இழைத்துச் செய்தேன். 3,000 கஜம் என்பது சுமார் 2,700 மீட்டர், மேசையில் 90 சென்டிமீட்டர். ஒரு சுற்று என்பது ஒரு நிமிஷம். 24 நாட் வேகத்தில் போனால் ஒரு சுற்றுக்குச் சுமார் 25 சென்டிமீட்டர் நகரலாம். எண்ணெய் டாங்கிகளுக்குப் பாட்டில் மூடி. மேசை நீளம் 120, அகலம் 90. அதில் 5 சென்டிமீட்டர் கட்டங்கள், அதாவது 24க்கு 18. இதே மாதிரி மேசை அவன் வீட்டிலும் உண்டு. அவன் கப்பல்களைத் தீக்குச்சிப் பெட்டி அட்டையில் செய்தான். மேலே ஷெல்ஃபில் போனைக் கவிழ்த்துக் கட்டினால் முழு மேசையும் தெரியும். எங்களுக்கு ராத்திரி எட்டரை என்றால் குளிர்காலத்தில் அவனுக்குச் சாயங்காலம் நாலு.

முதல் இரண்டு ஆட்டமும் குழப்பம். பத்தாவது சுற்றில் பார்த்தால் இரண்டு மேசையும் வேறு வேறு போர் நடத்திக்கொண்டிருக்கும். என் மேசையில் மிதக்கிற படகு அவன் மேசையில் மூழ்கியிருக்கும். அப்போதுதான் அப்பாவின் வேலை ஞாபகம் வந்தது. ஒருவன் நகர்வைச் சொன்னால் மற்றவன் திருப்பிச் சொல்ல வேண்டும். இருவரும் நோட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லாப் பொம்மைகளின் கட்ட எண்களையும் கூட்டி, அந்தத் தொகையைச் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் பிரைவேட் நம்பர். தொகை ஒத்துப்போனால் மேசைகள் ஒத்துப்போகின்றன.

அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. 7, 12 கட்டத்தில் இருக்க வேண்டிய படகை அவன் 12, 7இல் வைத்திருந்தான். இரண்டுக்கும் கூட்டினால் 19தான்! அன்றிலிருந்து கிடக்கை எண்ணை இரண்டால் பெருக்கிக் கூட்டினோம். முதலாவது 31, இரண்டாவது 26. குட்டு வெளிப்பட்டுவிடும். கம்ப்யூட்டர் நெட்வொர்க் வகுப்பில் நான் தூங்கிய பாடம் இதுதான் என்று பேராசிரியர் அவர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

பகடை

இனிமேல் சொல்வது கொஞ்சம் வெட்கக்கேடு. ஆனாலும் அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒருநாள் ஆட்டம் கடைசிக் கட்டத்தில் இருந்தது. டாங்கிகள் எரிகின்றன. எம்டன் திரும்பி ஓடப் பார்க்கிறது. கரைப் பீரங்கிக்கு ஒரே ஒரு வாய்ப்பு. பகடையில் 6 விழுந்தால் எம்டனின் சுக்கானில் அடி. உருட்டினேன். தட்டிலிருந்து தாண்டி, அரிசி டப்பா பக்கம் போய் நின்றது. கேமராவுக்குத் தெரியாது. குனிந்து பார்த்தேன். 2.

"என்னடா விழுந்துச்சு?" என்றான்.

"ஆறு" என்றேன்.

ஏன் சொன்னேன்? நூறு வருஷத்துக்கு முன்னால் நம் ஊர் சுட்டு ஒன்றும் படவில்லையே என்ற கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊர்ப்பாசமாம்! அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சூப்பர் மச்சி! மெட்ராஸ் ஜெயிச்சிடுச்சு" என்று கை தட்டினான். அவனுடைய எம்டனை அவனே தன் கையால் நிறுத்தினான். சுற்று முடிவில் தொகையைச் சொன்னோம். சரியாக ஒத்துப்போனது. இரண்டு மேசையிலும் ஒரே பொய்.

அன்று ராத்திரி எனக்கு ஒன்று விளங்கியது. நாங்கள் போட்ட முறை எல்லாம் தவறைப் பிடிக்கும். கை தவறினால் பிடிக்கும், காது தவறினால் பிடிக்கும், எண் மாறினால் பிடிக்கும். பொய்யைப் பிடிக்காது. திருப்பிச் சொன்னால் பொய்யும் அழகாகத் திரும்பிச் சொல்லப்படும். பிரைவேட் நம்பர் வாங்கிக்கொண்டு கேட்டை மூடாமல் விட்டால் வண்டி வரத்தான் செய்யும். அந்த முனையில் இருக்கும் ஆள் யோக்கியனாக இருந்தால்தான் எல்லா முறைக்கும் மதிப்பு.

அடுத்த இரண்டு ஞாயிறும் வேலை இருக்கிறது என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். மூன்றாவது வாரம் அவனே கூப்பிட்டான். "என்னடா, ஜெயிச்சதும் ஆட வரமாட்டேங்குற?" என்றான். அவனுக்கு அங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேச வேறு ஆள் இல்லை என்பது அந்தக் குரலில் தெரிந்தது. சொல்லிவிட்டேன். "அது ஆறு இல்லடா. ரெண்டு."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனை தடவை?" என்று கேட்டான்.

"ஒரே தடவைதான்."

அது உண்மைதான். ஆனால் பாருங்கள், அதையும் அவன் என் வாய் வார்த்தையை வைத்துத்தான் நம்ப வேண்டியிருந்தது. ஒரு பகடையில் நான் கெடுத்தது அந்த ஆட்டத்தை மட்டும் இல்லை. அதற்கு முன்னால் நியாயமாக ஆடிய இருபது ஆட்டத்தின் மேலும் ஒரு சந்தேகத்தை ஏற்றிவிட்டேன்.

"நோட்டு இருக்கா?" என்றான். இருந்தது. இரண்டு பேரும் அந்தச் சுற்றுக்கு முன்னால் எங்கெங்கே எது நின்றதோ அதை அப்படியே வைத்தோம். தொகை சரிபார்த்தோம். பகடையில் 2 என்று எழுதினேன். எம்டன் சரித்திரத்தில் தப்பியது போலவே எங்கள் மேசையிலும் தப்பிப் போனது. அன்றிலிருந்து தட்டுக்கு வெளியே விழுந்த பகடையை மறுபடி உருட்ட வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தோம். விதியை அவன் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன்.

அதற்கப்புறம் ஆறேழு மாதம் அவன் என் பகடை நின்றதும் ஒரு கணம் கேமராவை உற்றுப் பார்ப்பான். நான் கண்டுகொள்ளாத மாதிரி இருப்பேன். ஒருநாள் அந்தப் பார்வை நின்றுவிட்டது. எந்த ஆட்டத்தில் ஜெயித்தேன், எதில் தோற்றேன் என்பது எனக்கு மறந்துபோச்சு. அந்த நாள் மட்டும் மறக்கவில்லை.

முடிவாக

நண்பர்களே, இந்த அரங்கத்தில் இருக்கும் பாதிப் பேர் நாளை மறுநாள் விமானம் ஏறிவிடுவோம். குரூப்பில் பொங்கலுக்கு ஒரு படம், பிறந்த நாளுக்கு ஒரு கேக் படம், அதோடு சரி. உங்களுக்கும் தூரத்தில் ஒரு தோழன் இருந்தால், நலம் விசாரிப்பதோடு விடாதீர்கள். ஒரு ஆட்டம் ஆரம்பியுங்கள். செஸ் ஆடுங்கள், தாயம் ஆடுங்கள், எதுவானாலும் சரி. பலகையை விரித்தே வையுங்கள், தூசி விழுந்தாலும் பரவாயில்லை. வீட்டில் ஒரு மூலையில் அது இருக்கும்வரை அவனும் வீட்டில் இருக்கிறான்.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்கள் எழுதப்போகும் டெஸ்ட் ரிப்போர்ட்டை, கொடுக்கப்போகும் அளவை, போடப்போகும் கையெழுத்தை, நீங்கள் பார்க்காத யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து அப்படியே நம்புவார். உங்கள் பகடை அவர் கேமராவில் தெரியாது. 1ஆ 7ஆ என்று சந்தேகம் வந்தால் இன்னொரு அட்டை போட்டுக் கேளுங்கள். எட்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.

என் அப்பாவின் பலகை இப்போதும் எங்கள் வீட்டில் இருக்கிறது. இன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் என் எதிரி முதல் முறையாக நேரில் வந்து என் மேசையில் ஆடப் போகிறான். இந்தத் தடவை எம்டன் நான். அம்மா இப்போதே புளிசாதம் கிளறிக்கொண்டிருப்பார்கள். டீ வந்துவிட்டது போலிருக்கிறது, நான் முடித்துக்கொள்கிறேன்.